நனைந்தால் என்னைக் கேட்கவும்

எங்கள் பட்டறையில் மழை பெய்யும் அறை ஒன்று இருந்தது. குளியலறை அளவுதான். மேலே ஓட்டை போட்ட நான்கு குழாய்கள், கீழே சரிவான சிமெண்டுத் தரை, சுவரில் ஓர் இரும்புக் கொக்கி. மலையேறுகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் பெரிய பைகளைத்தான் நாங்கள் தைத்தோம். தைத்து முடித்த ஒவ்வொரு கட்டிலும் இரண்டு பைகளை எடுத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, மேலே மழையுறையைப் போட்டு, கொக்கியில் தொங்கவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவது ஒருத்தியின் வேலை. அவளை நாங்கள் மழையக்கா என்று கூப்பிட்டோம். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

நான் தோள்வார் தைக்கிறவள். என் மிஷினுக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவுதான். எனக்கு வாய் அதிகம் என்று ஊரே சொல்லும். மழையக்காவுக்கு என்னைவிடக் கொஞ்சம் கூடுதல். நனைந்த தாளை வெளியே எடுத்து விரித்துப் பார்த்தாளானால், ஓரம் ஊறியிருக்கிறதா, நடுவில் கோடு விழுந்திருக்கிறதா என்று வைத்தே தைத்தவளைக் கண்டுபிடித்துவிடுவாள்.

"யாருடி இது? தையல் மேல பட்டிய ஒட்டச் சொன்னா, பாசத்தோட தடவி விட்டிருக்கீங்க?" என்று அங்கிருந்தே கத்துவாள். சம்பந்தப்பட்டவள் தலையைக் குனிந்துகொள்வாள். மற்றவர்கள் சிரிப்போம்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் ஒரே பாடம்தான் வைத்திருந்தாள். "துணி மேல தண்ணி முத்து முத்தா உருளுதுன்னு மயங்கிடாதீங்க. அந்தப் பூச்சு தூறலுக்குத்தான். அடைமழைக்கு நிக்கிறது தையலும் ஜிப்பும். ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் தண்ணிக்கு வாசல்." இவ்வளவு பேசுகிறவளின் வீட்டுக் கூரை ஒழுகியது. மழைக்காலத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைத்திருப்பாள். நான் கேலி செய்தால், "அதைத் தைச்சது நான் இல்லையே" என்பாள்.

சோதனையில் தேறிய பைக்குள் அவள் ஒரு சீட்டுப் போடுவாள். பை எண், தேதி, 'நனையவில்லை' என்று ஒரு சொல், கீழே கையெழுத்து. ஈரம் பட்டால் உடனே பரவிவிடுகிற நீல மையால்தான் எழுதுவாள். சீட்டே பொய் சொல்ல முடியாதபடி இருக்க வேண்டுமாம். அந்த ஒரு சொல்லை எழுதும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் முகம். பிள்ளைகுட்டி இல்லாத அவளுக்கு உலகத்தில் இரண்டே பெருமை. ஒன்று இந்தச் சொல். இன்னொன்று அவள் புருஷன்.

அவரை நான் அண்ணன் என்பேன். மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டி. இவள் ஆயிரம் பேசினால் அவர் 'ம்' என்பார். அதிலேயே இவளுக்கு எல்லாப் பதிலும் கிடைத்துவிடும். அவருடைய பழைய பை இற்றுப்போனபோது, சோதனைக்கு எடுத்த புதுப் பை ஒன்றை வாங்கிப் போய்க் கொடுத்தாள். சோதனையில் நனைத்த பைகளைக் கடைக்கு அனுப்ப மாட்டார்கள், எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அது அந்த வருஷம் வந்த புது மாதிரி. உள்ளே தண்ணீர்ப் பை வைத்து, குழாயை வெளியே எடுத்து, நடந்துகொண்டே குடிக்கலாம். குழாய் வெளியே வர முதுகுப் பக்கம் மேலே, இரண்டு வாருக்கும் நடுவில் ஒரு சின்ன வாய் உண்டு. அந்த வாயின் விளிம்பைத் தைத்தது நான்தான். வார் தைக்கிறவள் அதையும் சேர்த்துத் தைக்க வேண்டும் என்பது முறை.

பையைக் கொடுக்கிற அன்று, என் காதில் செருகியிருந்த பென்சிலைப் பிடுங்கி, உள்ளே இருந்த சீட்டின் பின்பக்கம் ஒரு வரி எழுதினாள். 'நனைந்தால் என்னைக் கேட்கவும்.'

"கட்டின புருஷனுக்கே உத்தரவாதச் சீட்டா?" என்றேன்.

"அந்த மனுஷன் வாயத் திறந்து ஏதாவது கேக்கட்டுமேன்னுதான்" என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போன அண்ணன் மலையில் மாட்டிக்கொண்டார். மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது. இரண்டு நாள் கொட்டித் தீர்த்த மழை. மூன்றாம் நாள் நல்ல வெயில் அடித்த பிறகு இறங்கிவிட்டார்கள். கூட வந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. அண்ணனுக்குக் காய்ச்சல். இரண்டே நாளில் மூச்சு வாங்க ஆரம்பித்து, நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

நான் பார்க்கப் போனபோது அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னை வைத்துக்கொண்டே கேட்டாள். எத்தனையாவது தடவையோ தெரியவில்லை.

"உண்மையச் சொல்லுங்க. பை ஒழுகிச்சா?"

"இல்ல" என்றார். மூச்சை இழுத்துக்கொண்டு மேலும் பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. "ஓடையத் தாண்டும்போது கால் வழுக்கிடுச்சு. பைய முன்னாடியே கரைல வச்சிட்டேன். உள்ள ஒரு சொட்டு இல்ல. நீ பாத்த பையாச்சே."

அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். புருஷன் அந்த நிலையில் கிடக்கும்போது ஒருத்தி முகம் தெளியலாமா என்று கேட்பீர்கள். தெளிந்ததே. தன் கை கெடுக்கவில்லை என்ற ஆறுதல் அது. எனக்கோ மனசுக்குள் முள் ஒன்று தைத்தது. பை நனையவில்லை என்றால் அதற்குள் மாற்றுத்துணி காய்ந்துதானே இருந்திருக்கும்? படுக்கும் கம்பளிப் பையும் அதற்குள்தானே? பிறகு ஏன் இந்த மனிதர் இரண்டு ராத்திரி ஈரத்தோடு கிடந்தார்? கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அந்தக் கண் சொன்னது. ஊர்வம்பெல்லாம் பேசித் தீர்க்கிற என் வாய் அன்று மூடிக்கொண்டது.

ஒன்பதாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

அவள் இருபது நாளில் வேலைக்குத் திரும்பினாள். கத்துவது குறைந்துவிட்டது. ஆனால் பையைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவாள். "கடைசிவரைக்கும் என் பைய மட்டும் குறை சொல்லல அவரு" என்பாள். அந்த ஒரு பிடிமானத்தில்தான் அவள் நாளைத் தள்ளினாள் என்பது எனக்குத் தெரியும். நானும் தலையாட்டினேன்.

அடுத்த வருஷம் ஒரு நாள் காலையில், மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது வந்து என் முன்னால் கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு சீட்டு. நான்காக மடித்து, காய்ந்து, மொரமொரப்பாக இருந்தது. அவருடைய சவரப் பெட்டியை இத்தனை நாள் தொடாமல் வைத்திருந்தாளாம். அன்று துடைத்து வைக்கலாம் என்று திறந்தபோது, பிளேடு உறைக்கு அடியில் இருந்ததாம்.

நான் பிரித்துப் பார்த்தேன். பை எண் இல்லை. தேதி இல்லை. 'நனையவில்லை' இல்லை. மேலிருந்து கீழாக ஒரு நீலக் கறை மட்டும் இருந்தது. மூன்றாம் நாள் வெயிலில் பையைப் பாறையில் விரித்துக் காயவைத்து, துணியைக் காயவைத்து, ஒன்றும் நடக்காதது போலக் கொண்டுவந்து வைத்தவருக்கு இந்தச் சீட்டைக் கிழித்துப்போட மட்டும் மனசு வரவில்லை. அவள் கையெழுத்தாயிற்றே.

"ஓடையில விழுந்ததா சொன்னாரே, சீட்டு சட்டைப் பையில இருந்திருக்கும்" என்றேன். பொய்யென்று தெரிந்தே சொன்னேன்.

அவள் அதே மாதிரிப் பை ஒன்றை எடுத்தாள். தாளைத் திணித்தாள். புதுச் சீட்டு ஒன்று எழுதி உள்ளே போட்டாள். மழையுறையை மாட்டினாள். கொக்கிப் பக்கம் திரும்பினாள். கொக்கியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. தொங்கவிட்டால் பையின் முதுகு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வார் இருப்பதால் மழையுறையும் முதுகை மூடாது. பதினோரு வருஷமாக அந்த அறையில் பெய்த மழை பையின் முன்பக்கம் மட்டும்தான் பெய்தது. முதுகில் புதிதாக வந்த வாய்க்கு ஒரு நாளும் ஒரு சொட்டும் காட்டப்படவில்லை.

அவள் பையைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டாள். இடுப்புப் பட்டியை இறுக்கினாள். கட்டிய புடவையோடு குழாய்க்கு அடியில் போய் நின்று, "திறடி" என்றாள்.

திறந்தேன். தண்ணீர் அவள் தலையில் விழுந்து, பின்கழுத்து வழியாக இறங்கி, அவளுக்கும் பைக்கும் நடுவில் புகுந்தது. அவள் மலை ஏறுகிறவளைப் போலச் சற்றே குனிந்து நின்றாள். சத்தம் கேட்டு சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"என்னம்மா இது? கொக்கியில மாட்டும்மா. அதானே முறை!"

"கொக்கி எந்த மலை ஏறுது சார்?" என்றாள்.

அரைமணி நேரம். அவளுடைய பல் கிட்டிக்கொண்டது. போதும் அக்கா என்று நான் இரண்டு தடவை குழாயில் கை வைத்தேன். இரண்டு தடவையும் முறைத்தாள். மூன்றாவது தடவை கேட்காமலே மூடினேன்.

ஈரத் தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். தாள் மேலிருந்து கூழாகியிருந்தது. புதுச் சீட்டை எடுத்துப் பழைய சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மேலிருந்து கீழாக அதே நீலக் கறை. அக்காவும் தங்கையும் போல இருந்தன.

"அந்த வாயத் தைச்சது நான்தான் அக்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது. "ஆஸ்பத்திரியில எனக்குச் சந்தேகம் வந்துச்சு. நான் சொல்லல. அவரு சொல்லாதேன்னு பாத்தாரு."

அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப உன்கிட்டயாவது ஏதோ சொல்லியிருக்காரு" என்றாள்.

ஐந்து மாதம் கழித்து அந்த வாய்க்கு மேல் மடிப்பு வைத்துத் தைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மழையறையில் கொக்கியை எடுத்துவிட்டு, ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பொம்மை நிறுத்தினார்கள். அவளை யாரும் பாராட்டவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. இன்னும் நான்கு வருஷம் அந்தப் பொம்மைக்குப் பை மாட்டிக்கொண்டிருந்துவிட்டு, கைமூட்டு வலி தாங்காமல் வேலையை விட்டாள். அந்த நான்கு வருஷமும் சீட்டில் கையெழுத்து மட்டும்தான் போட்டாள். 'நனையவில்லை' என்று எழுதவே இல்லை. சூப்பர்வைசர்தான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவார்.

ஆனால் என் கண்ணில் நிற்பது அந்தக் காலைதான். நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, அவள் அந்தப் பழைய சீட்டைத் திருப்பிக் காட்டினாள். மை போன சீட்டில் பென்சில் போகவில்லை. நனைந்தால் என்னைக் கேட்கவும். ஒரு எழுத்துகூட அழியவில்லை.

"கேட்டிருக்கலாம்ல?" என்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, சீட்டைப் பார்த்தே கேட்டாள். "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்லடி அந்த மனுஷன்?"