சார்ஜ் ஏறுகிற வரைக்கும்

எங்கள் வீட்டில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் இருக்கிறது. வாங்கும்போது வெள்ளை, இப்போது பழுப்பு. ஆறு ஓட்டை, ஒரு சிவப்பு விளக்கு, கூடத்திலிருந்து வாசற்படி வரை எட்டுகிற நீள ஒயர். கரண்டு போனதும் இன்வெர்ட்டர் "டக்" என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டதும் என் நாத்தனார் கட்டிலில் சாய்ந்தபடியே, "எடுமே அந்தப் பொட்டியை" என்பார். நான் ஸ்விட்சுகளை அணைக்க ஓடுவேன். அவருக்கோ முகம் தெளிந்துவிடும். கரண்டு போனால் சந்தோஷப்பட்ட ஒரே மனுஷி அவர்தான்.

என் கணவருக்கு அக்கா அவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மாமல்லபுரத்தில் ஒரு சிலைப் பட்டறையில் கல்லுக்குப் பாலிஷ் போடுகிற வேலை, பல வருஷம். முகத்தில் பழைய சேலைத் துணியைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வார். அப்படியும் சாயங்காலம் புதுப்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது புருவம், இமை எல்லாம் வெள்ளையாக இருக்கும். டீக்கடையில், "இன்னாக்கா, மாவு மில்லுலேந்து வரியா?" என்று கிண்டல் செய்வார்கள். "ஆமாண்டா, உன் கல்யாணத்துக்கு அரைச்சுட்டு வரேன்" என்று திருப்பிக் கொடுப்பார். அந்தக் கல்மாவு நெஞ்சுக்குள்ளேயும் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. என் கணவர் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என் மகளைக் கருங்குழியில் கட்டிக் கொடுத்தாயிற்று. ஒரு நாள் செங்கல்பட்டில் டாக்டர், இனி ராவும் பகலும் ஆக்சிஜன் மிஷின் வேண்டும் என்று சொல்லிவிட்டார். சின்ன பீரோ மாதிரி ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு குழாய் அண்ணியின் மூக்குக்குப் போனது. காற்றை இழுத்து "புஸ்ஸ்" என்று விடும், அப்புறம் "டொக்" என்று ஒரு தட்டு. நான் அடுப்படியில் இருந்தாலும் காது அந்த டொக்கில்தான் இருக்கும்.

நான் ஏழாவதோடு நின்றவள். கணக்கு வராது, கவலை மட்டும் நன்றாக வரும். கேஸை மூடினோமா என்று பஸ் ஏறிய பிறகு இறங்கி வந்து பார்க்கிற ஆள். எங்கள் வீட்டில் அப்போது இருந்தது ஃபேனுக்கும் லைட்டுக்கும் போட்ட சின்ன பேட்டரி. மிஷினை அதில் போட்டால், உலை வைத்துச் சோறு வடிப்பதற்குள் இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்த ஆரம்பித்துவிடும். குழாயை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் அண்ணியின் உதடு நீலமாகும். அதனால் கரண்டு போனால் நான் வீட்டில் இருக்கிற எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிடுவேன். ஃபேன் கிடையாது, லைட் கிடையாது. ஃப்ரிட்ஜை முன்னாடியே பிடுங்கிவிடுவேன். பேட்டரியின் மேல் கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பது போலச் சூடு பார்ப்பேன்.

பேட்டரிக்காரரை வரவழைத்துக் கேட்டேன். ஒல்லியான மனுஷர், எதையும் சாப்பாட்டுக் கணக்கில்தான் சொல்வார். "யம்மா, சின்ன சட்டியில எத்தினி பேருக்கு ஆக்குவ? பெரிய அண்டா வேணும்" என்றார். பெரிய பேட்டரி போட்டால் மிஷின் ஒரு பகல் பொழுது தாங்கும். ஆனால் அண்டா பெரிசு என்பதால் நிரம்பவும் நேரம் பிடிக்கும், அரைகுறையாக நிரம்பியிருக்கும்போது மறுபடி கரண்டு போனால் அந்த அளவுக்குத்தான் வரும் என்றார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பெரிய பேட்டரி வந்தது. நான் கவலைப்பட இன்னும் ஒன்று சேர்ந்தது.

இதற்கு நடுவில்தான் அண்ணி அந்த வழக்கத்தை ஆரம்பித்தார். எதிர்வீட்டில் மீன் விற்கிற பெண் ஒரு தடவை கரண்டு இல்லாதபோது, "யக்கா, கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கட்டா?" என்று ஃபோனோடு வந்தாள். வாங்கிக்கொண்ட அண்ணி, அவள் திரும்பிப் போவதற்குள், "ஏய், எங்க போற? ஃபோனை வுட்டுட்டுப் போனா நான் பொறுப்பு கெடயாது. சார்ஜ் ஏர்ற வரைக்கும் குந்து" என்றார். அவள் குந்தினாள். அதற்கப்புறம் அதுவே சட்டமாகிவிட்டது. கரண்டு போனால் தெருவே எங்கள் கூடத்துக்கு வரும். ஃபோன்களை முறத்தில் வரிசையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் முகப்பில் இருக்கிற படத்தைப் பார்த்து அண்ணி விசாரிப்பார். "இது யாரு, உன் பேத்தியா? பல்லு மொளச்சிடுச்சே!" என்பார். நாலு வார்த்தை, ஒரு மூச்சு. மறுபடி நாலு வார்த்தை. குட்டியானை சரக்கு வண்டி ஓட்டுகிற பையன் ஒருவன், கல்யாணமாகாதவன், முகப்பில் தன் வண்டியையே படமாக வைத்திருந்தான். "இன்னாடா, இதையே கட்டிக்கப் போறியா?" என்று கேட்டுக் கூடமே சிரித்தது. "கரண்டு செய்ற ஊர்ல கீறோம், நமக்கு மட்டும் இருட்டு பாரு பெரிம்மா" என்று, பக்கத்திலிருக்கிற அணுமின் நிலையத்தை நினைத்து, அவன் ஒவ்வொரு தடவையும் சொல்வான். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பார் அண்ணி.

எனக்குச் சிரிப்பு வராது. ஆறு ஓட்டையிலும் ஆறு ஃபோன் உறிஞ்சிக்கொண்டிருக்கும். பேட்டரிக்காரரிடம் தனியாகக் கேட்டேன். "ஃபோனெல்லாம் கொசு குடிக்கிற மாதிரிம்மா. மிஷின்தான் மாடு குடிக்கிற மாதிரி" என்றார். கொசுவும் குடிக்கிறதுதானே என்று என் மனசு சொன்னது. அண்ணியிடமும் சொல்லிப் பார்த்தேன். "உன் மூச்சை அவங்க கொண்டு போறாங்க அண்ணி." அவர் மூக்கில் குழாயைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் சொன்னார்: "கரண்டு கீற அன்னிக்கு யாருனா எட்டிப் பாத்தாங்களா, சொல்லு?" யாரும் இல்லை. பட்டறையில் நாள் முழுக்க ஆட்களோடு கத்திப் பேசியே பழகியவர். மிஷின் வந்த பிறகு அவருக்குத் துணை நானும் அந்த டொக் சத்தமும்தான். நான் அவருக்குப் போதவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதைத் தப்பென்று சொல்ல முடியாது. பகல் பூராவும் பேட்டரியையே பார்த்துக்கொண்டிருப்பவளோடு யார்தான் என்ன பேசுவார்கள்?

அந்த வருஷப் புயலில் விடியற்காலையிலேயே கம்பங்கள் சாய்ந்தன. மழை விட்டும் கரண்டு வரவில்லை. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டேன். ரோடெல்லாம் மரம், வெட்டி எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும், நேரமாகும் என்றார்கள். நான் வாசல் கேட்டைத் தாழ் போட்டேன். வெளியே ஃபோனோடு வந்தவர்களின் குரல் கேட்டது. அண்ணி, "தொறமே" என்றார். "அண்ணி, இன்னிக்கு வேணாம்." "தொற." இரண்டாவது தடவை சொல்வதற்கு அவருக்கு இருந்த மூச்செல்லாம் செலவானது. திறந்தேன். முறம் நிறைந்தது. சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்ல முடியாமல் தவித்தவர்கள் வந்து குந்தினார்கள், பேசினார்கள், அழுதார்கள். மத்தியானம் தாண்டியதும் இன்வெர்ட்டர் கீ கீ என்றது.

கூடத்தில் இருந்தவர்கள் ஃபோன்களைப் பிடுங்கினார்கள், யாரும் சொல்லாமலே. எல்லாரும் அந்தக் குழாயைப் பார்த்தார்கள். அத்தனை நாள் பக்கத்திலேயே குந்தியிருந்தும் அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாகப் பார்ப்பது போல. குட்டியானைப் பையன் எழுந்து ஓடினான். வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டிவந்து, வாசலை இடித்துக்கொண்டு நிறுத்தினான். வண்டி பேட்டரியிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு கேபிளை உள்ளே விட்டு எங்கள் பேட்டரியோடு மாட்டி, என்ஜினை ஓடவிட்டான். பேட்டரிக்காரரை ஃபோனில் பிடித்து, சிவப்பு எது கறுப்பு எது என்று கத்திக் கத்திக் கேட்டுக்கொண்டான். கீ கீ நின்றது. மிஷின் புஸ்ஸ் என்றது, டொக் என்றது. டீசல் தீரத் தீர, தெருவில் வண்டி வைத்திருந்தவர்கள் கேனில் கொண்டுவந்து ஊற்றினார்கள். மீன்காரப் பெண் கேட்டில் நின்று, "ஏர்ற வரைக்கும் குந்துடா, வுட்டுட்டுப் போனா யக்கா பொறுப்பு கெடயாது" என்று அவனிடம் சொன்னாள். அண்ணி குழாயோடு சிரித்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த வண்டி உறுமிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அப்போதுகூட, டீசல் புகை உள்ளே வருகிறதே என்று ஜன்னல் இடுக்கில் துணியைத் திணித்துக்கொண்டுதான் அழுதேன்.

அண்ணி பிழைத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். அதற்கப்புறம் சில மாதம். உயிர் போன அன்றைக்குக் கரண்டு இருந்தது. நல்ல வெயில், காலை நேரம், ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி முழுசாக ஏறி இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு. மிஷினும் சரியாகத்தான் ஓடியது. நான் எத்தனையோ விதமாகப் பயந்திருக்கிறேன். இப்படி எல்லாம் சரியாக இருக்கும்போது போவார் என்று மட்டும் பயந்ததே இல்லை. அவர் போன பிறகும் மிஷின் கொஞ்ச நேரம் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. அணைக்க எனக்குக் கை வரவில்லை.

புயலுக்கு அப்புறம் எங்கள் தெருவில் வசதி இருக்கிற வீடு, இல்லாத வீடு என்று எல்லாருமே இன்வெர்ட்டர் போட்டுக்கொண்டார்கள். மீன்காரப் பெண் வீட்டில்கூட இருக்கிறது. நல்லதுதான். கரண்டு போனால் இப்போது வரிசையாக வீட்டுக்கு வீடு "டக்" என்று கேட்கிறது. யாரும் கதவைத் திறப்பதில்லை. மகள், "இங்க வந்துடும்மா" என்கிறாள். பார்க்கலாம் என்கிறேன். போன வாரம் பேட்டரிக்காரர் வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். பழக்கத்தில் கேட்டேன், எவ்வளவு நேரம் தாங்கும் என்று. அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒரு ஃபேன், ஒரு லைட். "நீ ஒருத்திதானம்மா. தீரவே தீராது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் சாமி கும்பிட்டிருப்பேன்.

நேற்று சாயங்காலம் கரண்டு போனது. டக் என்றது. நான் போய் ஜங்ஷன் பாக்ஸை எடுத்து வந்து கூடத்தில் வைத்து, ஒயரை வாசற்படி வரை நீட்டிவிட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் முறத்தையும் வைத்தேன். கேட்டுத் தாழை எடுத்துவிட்டேன். என் ஃபோனில் சார்ஜ் முழுசாகவே இருந்தது. இருந்தாலும் ஒரு ஓட்டையில் மாட்டி, முறத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் குந்தினேன்.