மாமா கொண்டுவந்த ஆயில்

எங்கள் தெருவில் யார் வண்டி வாங்கினாலும் முதலில் அப்பாவிடம்தான் வந்து நிற்பார்கள். என்ன ஆயில் ஊற்றலாம் என்று கேட்டுவிட்டால் போதும், வயலுக்குத் தண்ணீர் வைக்கப் போவதைக்கூட மறந்துவிடுவார். "பைக்குல இன்ஜின், கியர், கிளட்ச் மூணும் ஒரே ஆயில்லதான் கெடக்கு. கார் ஆயில் ரொம்ப வழவழன்னு இருக்கும், ஊத்துனா கிளட்ச் வழுக்கிடும். வெலைய பாக்காதீங்க, டப்பாவுல பைக்குன்னு போட்டிருக்கான்னு பாருங்க." மூன்றாம் வகுப்பு படித்த எனக்கே இது மனப்பாடம்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு பொங்கலுக்குச் செய்த காரியம் இருக்கிறதே!

அதற்கு முன்னால் மாமாவைச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. என் காதுகுத்தில் என்னை மடியில் வைத்திருந்தவரைப் பார்த்து, "உருப்படாத பயலுக்குத் தாய்மாமன்ங்கிற பெருமை ஒண்ணுதான் கொறைச்சல்" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அப்பா சொல்லிவிட்டாராம். மாமா சாப்பிடாமல் போனவர்தான். அதோடு பொங்கல் சீரும் நின்றது. ஒவ்வொரு வருஷமும் பக்கத்து வீடுகளுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்துமாக அண்ணன் தம்பிகள் வந்து இறங்குவதை அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பாவும் பார்ப்பார். 

அந்த வருஷம் போகியன்று மாமா வந்துவிட்டார். சென்னையில் ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டுகிறாராம். பானை, கரும்பு, மஞ்சளோடு கையில் ஒரு ஆயில் டப்பா.

"எங்க முதலாளி காருக்கே இதைத்தான் ஊத்துறோம். ஒங்க வண்டிக்குன்னே வாங்குனேன் அத்தான்."

மாட்டுப் பொங்கலன்று மாடுகளோடு வண்டியையும் கழுவிப் பொட்டு வைத்தோம். மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பழைய ஆயிலை இறக்கினார். அப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் கார் படம் போட்டிருந்தது. வாயைத் திறந்தார். வாசலில் நின்ற அம்மாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"ஊத்து மாப்ளே" என்றார்.

"அப்பா, அது கார்..." என்று ஆரம்பித்த என் வாயில் ஒரு கரும்புத் துண்டு வந்து விழுந்தது.

மறுநாள் சாயங்காலம் மாமாவைத் திருக்காட்டுப்பள்ளியில் பஸ் ஏற்றக் கிளம்பினோம். பெட்ரோல் டாங்க் மேல் நான், பின்னால் மாமா. பாலத்து ஏற்றத்தில் வண்டி கத்து கத்தென்று கத்தியது. நகரத்தான் மாட்டேன் என்றது. புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார். மானம் போயிற்று!

மாமா இறங்கினார். முகம் சுண்டிவிட்டது. "ஆயில்னாலயா அத்தான்?"

"சேச்சே, ஆயிலெல்லாம் அருமையா இருக்கு. கிளட்ச் பிளேட்டு பழசு. மாத்தணும்னு நானே நெனச்சிட்டிருந்தேன், தள்ளு."

பஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வர்ற பொங்கலுக்கும் வர்றேன் அத்தான்" என்று மாமா கத்தினார். பஸ் மறையும்வரை அப்பா கையாட்டினார்.

அங்கிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனோம். அவர் ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "கார் ஆயிலாண்ணே? நீங்க ஊருக்கே பாடம் எடுப்பீங்களே! எந்த அறிவாளி ஊத்துனது?" என்று சிரித்தார்.

"நான்தாம்ப்பா. தெரியாம ஊத்திட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் அப்பாவுக்கா தெரியாது? உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் கையை அழுத்தினார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வீடு திரும்பினோம்.

வண்டி எங்கே என்றுகூட அம்மா கேட்கவில்லை. "போறப்ப தம்பி என்ன சொன்னான்?" என்றாள்.

"அடுத்த பொங்கலுக்கும் வர்றேன்னான்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வண்டி கெட்டுப்போனது தெரிந்துதான் அழுகிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது.

"அழாதம்மா. மாமா ஊத்துன கார் ஆயில எறக்கிட்டு வேற ஊத்துனா நாளைக்கே ஓடுமாம்."

அம்மா சட்டென்று அழுகையை நிறுத்தி அப்பாவைப் பார்த்தாள். அப்பா கால் கழுவுவதற்காக அவசரமாகக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றவள், முன்னைவிடப் பெரிதாக அழ ஆரம்பித்தாள். நாளைக்கே ஓடும் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.