காப்புக் கட்டிய பிறகு

எனக்குப் பொறுமை கிடையாது. இருந்தும், பொறுமை ஒன்றையே கேட்கிற வேலையில் போய் மாட்டிக்கொண்டேன். குழந்தை பிறந்தபோது சேமித்து வைத்த தொப்புள்கொடி ரத்தத்தின் செல்களைப் பின்னோக்கித் திருப்புவதுதான் பெங்களூரு ஆய்வகத்தில் என் வேலை. தாம் ரத்தம் என்பதையே மறந்து, எதுவாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லாக அவை மாற மூன்று வாரம் ஆகும். அதுவரை தினமும் ஊட்டநீர் மாற்ற வேண்டும்.

அந்த முறை செல் வளர்க்கும் தட்டில் இருந்தது நோயில் கிடக்கும் ஒரு குழந்தையின் ரத்தம். அந்தச் செல்களை வளர்த்துப் பார்த்தால்தான் நோயின் காரணம் பிடிபடும். வந்ததில் பாதியை முதல் முயற்சியிலேயே சாகடித்திருந்தேன். இதுதான் மிச்சம். அதைத் தோழியிடம் ஒப்படைத்துவிட்டு, சிக்கல் என்கிற ஊருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்துக்கு அம்மன் திருவிழாவுக்கு வந்தேன்.

காப்புக் கட்டிய மூன்றாம் நாள் தோழி போன் செய்தாள். கடும் காய்ச்சல், எழுந்திருக்கவே முடியவில்லையாம். வேறு யாருக்கும் அந்தத் தட்டின் பக்குவம் தெரியாது. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

“காப்புக் கட்டுனப்பறம் வெளியூருல ராத் தங்கக் கூடாது. தெரியும்ல?” என்றார் அப்பாவைப் பெற்ற அய்யா. தெரியாமலா நடந்துகொண்டிருக்கிறேன்? எரிச்சலாக வந்தது.

இருட்டறையில் அம்மனுக்காகத் தானியம் விதைத்து வளர்க்கும் முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு அம்மா ஈரக்கையோடு வந்தாள். அது செழித்தால் வீடு செழிக்கும். சோடை போனால், அந்த வீட்டில் யாரோ தப்புச் செய்துவிட்டதாக ஊர் பேசும்.

“தண்ணி மாத்த ஆளில்லேன்னா என்னத்தா ஆகும்?”

“செத்துப்போகும்மா.”

“அப்ப இங்கன நின்டுக்கிட்டு என்ன பண்ற? கெளம்பு. அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

மறுநாள் காலை ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது செல்கள் உயிரோடு இருந்தன. ஆனால் ஒன்றும் மாறவில்லை. அடுத்த நாளும் இல்லை. மணிக்கொரு தரம் போய் எட்டிப் பார்த்தேன். ஆறாம் நாள் மைக்ரோஸ்கோப்பில், ஓரம் தெளிவாகத் தெரிய, தட்டையாக ஒரு சிறு கூட்டம். பக்கத்திலேயே இன்னொன்று. ரத்தம் ஸ்டெம் செல்லாகியிருந்தது. சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன்.

அன்றுதான் ஊரில் முளைப்பாரி ஊர்வலம். சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

“முளைச்சிருச்சா?” என்றாள் எடுத்த எடுப்பிலேயே.

“முளைச்சிருச்சும்மா. நம்ம வீட்டுது?”

மேளச்சத்தத்துக்கு மேலே கேட்கும்படி சொன்னாள்.

“சோடதான். எல்லாரும் பாக்கத் தூக்கிட்டுத்தான் போனேன். நீ அதுக்குப் போயி மருகாத. அந்தப் பிள்ளையோடதப் பாரு.”

போய்ப் பார்த்தேன். தட்டு நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.