எழும்பிய கலிமா விரல்

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து வலது கை மடங்கிப் போனது. அல்லாஹ் நடையைத் திருப்பித் தந்தான், பேச்சையும் தந்தான். கை மட்டும் பொத்தினபடியே நின்றுவிட்டது. கடையை என் தம்பி பார்த்துக்கொண்டான். அதில் அவருக்குக் கவலையில்லை. தொழுகையின் இருப்பில் அத்தஹிய்யாத்து ஓதும்போது கலிமா விரல், அந்தச் சுட்டுவிரல், எழும்பவில்லையே என்பதுதான் கவலை. பள்ளிவாசலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

"மனசு எழும்பினாப் போதும், அவன் அறிவான்" என்பேன்.

"எனக்கும் தெரியும் புள்ள. ஆனா ஆசையா இரிக்கே" என்பார்.

மகள் கெம்பஸில் இஞ்சினியரிங் படிக்கிறாள். கடைசி வருடத்துக்கு, தசைபோல இழுக்கும் இயந்திரம் ஒன்று செய்ய வேண்டுமாம். லீவில் வந்தவள் மெல்லிய கம்பியொன்றை வளைத்து, என் சுடு பிளேன்டீக்குள் போட்டாள். சட்டென்று நிமிர்ந்துகொண்டது.

"சுப்ஹானல்லாஹ்!" என்றேன்.

நிக்கலும் டைட்டேனியமும் கலந்த கம்பியாம். சூடு பட்டால் தன் பழைய உருவத்துக்குத் திரும்புமாம். கரண்ட் கொடுத்தால் சூடாகிச் சுருங்கி இழுக்குமாம்.

வாப்பாவுக்கு ஒரு கையுறை செய்தாள். துணி தைத்தது நான். விரல்களிலிருந்து முழங்கை வரை கம்பிகளைக் குழாய்க்குள் ஓடவிட்டாள். ஐந்து விரலும் விரிந்தன! ஆனால் கம்பி ஆறினால்தான் விரல் திரும்ப மடங்கும். ஏறாவூர் வெயிலில் அது எங்கே ஆறுவது? பிடிக்கக் கொடுத்த கோப்பை, விரல் மடங்குமுன் விழுந்து உடைந்தது. மகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தாள்.

"ஒத்த விரல் மட்டும் எழும்புமா மகள்?" என்று கேட்டேன்.

"எழும்பும் உம்மா. ஆனா உடன இறங்காதே!"

"ஆரு இப்ப இறக்கச் சொன்ன?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். 'இல்லல்லாஹ்' என்று உயர்த்தும் விரலை, ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை நாங்கள் இறக்குவதில்லையே. மற்ற விரல்கள் பொத்தியிருக்க வேண்டும். அவருக்கு அவை பொத்தித்தானே இருந்தன! மற்றக் கம்பிகளையெல்லாம் அப்போதே கழற்றிப் போட்டாள்.

பின்னேரம், அசர் தொழுகை. அவர் கதிரையில் இருந்தார். சுவிச்சு இடது உள்ளங்கைக்குக் கீழே. நாங்கள் இருவரும் கதவடியில் நின்றோம். விரல் முதலில் நடுங்கியது. பிறகு நேரே நிமிர்ந்து நின்றது. அல்ஹம்துலில்லாஹ், நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஸலாம் கொடுத்த பிறகும் விரல் இறங்கவில்லை. மகள் பதறினாள்.

"வாப்பா, சுவிச்ச உடுங்க!"

"உட்டுட்டன் மகள். அது ஆறுதலா இறங்கட்டும், உனக்கென்ன அவசரம்?"

மஃரிபுக்குப் பாங்கு சொல்ல முந்தியே, கையுறையோடு பள்ளிக்கு வெளிக்கிட்டுவிட்டார்.