குடிக்குச் சம்பந்தமில்லை என்றார்

வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பெண்களின் மனச்சோர்வுக்குக் காரணம் தேடும் ஆய்வொன்றில் நான் உதவியாளராக இருந்தேன். ஆய்வை நடத்திய கொழும்புப் பேராசிரியர் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. நானுஓயாவில் ரயிலை விட்டிறங்கி, வேனில் நுவரெலியா ஹோட்டலுக்குப் போய், அங்கிருந்தே தொலைபேசியில் எங்களை ஏவுவார்.

மனச்சோர்வை அளக்க நிறையக் கேள்விகள் வைத்திருந்தார். அதற்குக் காரணமாகலாம் என்று அவர் எடுத்தவை இரண்டு: மனைவியின் படிப்பு, கணவனின் குடி. படிப்பைச் சொல்ல யாரும் தயங்கவில்லை. குடிக்கு ஒரே கேள்வி, அதையும் கணவனிடமே கேட்க வேண்டும். பக்கத்தில் தோட்டத்து நலன்புரி அதிகாரி நிற்பார். அதுவும் பேராசிரியரின் ஏற்பாடுதான்.

சாராய வாடையோடு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர், "தீவாளி, பொங்கலுக்கு மட்டுந்தாங்க" என்றார். உள்ளே அடுப்பு ஊதிக்கொண்டிருந்த அவர் மனைவி ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி ஊதினார். கணவர் சொன்னதைத்தான் நான் பதிய வேண்டியிருந்தது. மொடாக் குடிகாரரும் தொட்டே பார்க்காதவரும் கணக்கில் ஒன்றானார்கள்.

முடிவில், குடிக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பே இல்லை என்று வந்தது. பழி முழுக்கப் பெண்களின் படிப்பின்மேல் விழுந்தது. பேராசிரியருக்குப் பரம திருப்தி.

ஒரு காரணியைப் பிழையாக அளந்தால் அதன் பாதிப்பு கணக்கில் சிறுத்துவிடும், அதோடு சேர்ந்தே வரும் இன்னொரு காரணி அந்தப் பங்கையும் எடுத்துக்கொள்ளும் என்று ஹோட்டலுக்கே போய் அவரிடம் சொன்னேன். மனைவிமாரைத் தனியாகக் கேட்போம் என்றும் சொன்னேன்.

"ஆட்கள் கூடினால் பிழை தானாகவே அடிபட்டுப் போகும்" என்றார்.

"இல்லைங்க சேர். எத்தனை பேரச் சேத்தாலும் இது நேராகாது. பிழையான விடை மேல நம்பிக்கதான் கூடும்."

பெண்கள் மிகைப்படுத்துவார்கள் என்றார். ஆதாரம் கேட்டேன். தேநீர் ஆறுகிறது என்றார். புள்ளியியல் படிக்கத் தொடங்கும் மாணவருக்கே தெரிந்த பாடத்தை இத்தனை பட்டம் வாங்கியவருக்குச் சொல்ல நேர்ந்ததில், கோபத்தைவிட அருவருப்புதான் எனக்கு மிஞ்சியது.

அறிக்கையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். அந்த ஒரு திருத்தத்தை மட்டும் உடனே செய்தார்.

அறிக்கையின் பயனாகத் தோட்டத்தில் வகுப்பு வைத்தார்கள், மனதைத் திடமாக வைத்துக்கொள்வது எப்படி என்று. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் ஈரச் சேலையோடு உட்கார்ந்து கேட்டார்கள். ஆண்கள் ஒருவரையும் அழைக்கவில்லை.