ஊசிக்குருவியைக் காணோம்

கிரில் பட்டறை வைத்திருக்கும் வெல்டருக்கு ஐம்பத்தெட்டாம் வயதில் ஒரு கௌரவம் தேடி வந்தது. நூலகத்தின் மாடி அரங்கில், மைக் முன்னால் நின்று அரை மணி நேரம் பேச வேண்டும். அதுவும் அறிவியல் கூட்டத்தில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிய மனுஷன் அவர். அழைப்பிதழ் அச்சாகி வந்ததும் பட்டறைச் சுவரில் ஒன்று, வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒன்று, மனைவி வேலை பார்க்கும் மருந்துக்கடையின் கண்ணாடியில் ஒன்று என்று மூன்று இடத்தில் ஒட்டிவிட்டார். இருமல் மருந்து வாங்க வந்தவர்கள்கூட இருமிக்கொண்டே அதைப் படித்துவிட்டுப் போனார்கள்.

கௌரவம் சும்மா ஒன்றும் வந்துவிடவில்லை. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அதே அரங்கின் ஜன்னலுக்குக் கம்பி மாட்டப் போனவர், உள்ளே கூட்டம் நடக்கிறது, துளை போடக் கூடாது என்று வாசலிலேயே நிறுத்தப்பட்டார். சரி, முடியட்டும் என்று கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். மேடையில் யாரோ ஒருவர் குளத்துத் தவளைகளைக் கண்ணால் பார்க்காமல் காதால் மட்டுமே எப்படி எண்ணுவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே ஆள், ஒரே இடம், ஒரே நேரம். எண்ணிக்கையில் குளறுபடி வராமலிருக்க அதுதான் வழி என்றார். வெல்டர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். கூட்டம் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போய்விட்டார். ஜன்னல் கம்பி என்ன ஆச்சு என்று மறுநாள் நூலகத்திலிருந்து ஆள் வந்து கேட்டபோதுதான் போன வேலையே ஞாபகத்துக்கு வந்தது.

அன்று பிடித்த பைத்தியம் விடவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை சொற்பொழிவு, மூன்றாவது ஞாயிறு காலை ஏரிக்கரையில் நடை. இதுதான் இயற்கை அறிவியல் வட்டம். அதன் தலைவி ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி டீச்சர். ஒரு செகண்ட் தாமதமாக வந்தாலும் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அறுபது வயதுக்காரர்கள்கூட வெலவெலத்துப் போவார்கள். உறுப்பினர்கள் அநேகமாக எல்லோருமே பென்ஷன்காரர்கள். வாரக் கடைசியில் வேறு வேலை இல்லாதவர்கள்தானே தும்பியைப் பார்க்க வருவார்கள்.

ஏரியின் நாணல் காட்டுக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு குருவி உண்டு. புத்தகத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது; வட்டத்தில் அதை ஊசிக்குருவி என்பார்கள், குரல் அவ்வளவு மெல்லிசு. ஆள் கண்ணில் படவே படாது. அதை எண்ண வேண்டுமானால் காதால்தான் எண்ண வேண்டும். வெல்டர் தன் கைக்காசில் பன்னிரண்டு இரும்புக் கம்பம் செய்து, மஞ்சள் பெயிண்டில் நம்பர் போட்டு, கரை நெடுக ஊன்றினார். வருஷத்துக்கு ஒருமுறை, அது கூடு கட்டும் மாதத்தில், விடிந்தும் விடியாமலும் தனியாகப் போய் ஒவ்வொரு கம்பத்தடியிலும் ஐந்து நிமிஷம் கண்ணை மூடி நின்று எண்ணுவார். யாரையும் கூட்டிப் போக மாட்டார். ஒரே ஆள் அல்லவா.

முதல் வருஷம் நாற்பத்தொன்று. அடுத்து முப்பத்தெட்டு. பிறகு முப்பத்துமூன்று, இருபத்தைந்து, பதினெட்டு, பதினொன்று, ஐந்து. இந்த வருஷம் பூஜ்யம். வீட்டுக்கு வந்து டீயைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். சொந்தத்தில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் மனைவி பயந்துபோனாள். மூன்றாம் ஞாயிறு நடையில் வட்டத்துக்காரர்கள் எல்லோரும் நாணல் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். ஆமாம், ஒரு சத்தமும் இல்லை, போயேபோய்விட்டது என்று ஒருவர் பாக்கியில்லாமல் தலையாட்டினார்கள்.

குற்றவாளியும் தயாராக இருந்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால்தான் ஏரியின் படகுக்காரர் துடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படகில் மோட்டார் மாட்டினார். எண்ணிக்கை இறங்க ஆரம்பித்ததும் அதற்கப்புறம்தான். இதைவிடச் சாட்சி வேண்டுமா? குருவி எங்கேயும் போகவில்லை, காலையில் அது போடுகிற கூச்சலில் காது கிழிகிறது என்று படகுக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பிழைப்புக்காகப் புளுகுகிறான் என்று வெல்டர் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். கரையில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். குருவி போன கதையை வெல்டர் சொல்லும் சொற்பொழிவு முடிந்ததும் ஏரியில் மோட்டாரைத் தடை செய்யச் சொல்லி நகராட்சிக்கு மனு, எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று டீச்சர் ஏற்பாடு செய்திருந்தார். அக்கரைத் தொழிற்சாலைக்கு நாலு நடை ஆள் ஏற்றிப் பிழைப்பவர் படகுக்காரர். வெல்டரைவிட நாலு வயது இளையவர்தான், ஆனால் தோள்பட்டை போய்விட்டது. இனித் துடுப்புப் போட அவரால் ஆகாது. மோட்டார் போனால் படகும் போச்சு.

கூட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, திரையில் காட்ட ஒரு படம் வேண்டும் என்று வெல்டர் மனைவியை விடியற்காலையில் கிளப்பிக்கொண்டு போனார். ஏழாம் நம்பர் கம்பத்தடியில் கண்ணை மூடி நிற்பது போல ஒரு போஸ். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே போனைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே இறக்கினாள்.

“என்னங்க இது, இப்படிக் கத்துது? கத்தி தீட்டுற மாதிரி.”

“எது கத்துது?”

“சீ சீன்னு. அதோ அங்க ஒண்ணு. இந்தப் பக்கம் ரெண்டு. உங்களுக்குக் கேக்கலையா?”

கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தார். வழக்கமாகச் செய்கிறவள்தான். அப்போது பத்தடி தூரத்தில் ஒரு நாணல் தண்டு ஆடியது. எட்டு வருஷத்தில் அவர் கண்ணால் இரண்டே தடவை பார்த்த குருவி, தண்டைப் பற்றிக்கொண்டு மேலே ஏறி வந்து உட்கார்ந்தது. அலகைத் திறந்தது, மூடியது. தொண்டை துடித்தது. டி.வி.யில் சத்தத்தைக் குறைத்து வைத்த மாதிரி, அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. மனைவியோ இது தாங்காது என்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவர் அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு கம்பமாகக் கூட்டிப் போனார். எத்தனை என்று கண்ணால் கேட்பார்; அவள் விரலைக் காட்டுவாள். பன்னிரண்டாம் கம்பத்தில் கூட்டிப் பார்த்தால் முப்பத்தொன்பது.

மறுநாளே மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் காது டாக்டரிடம் மனைவி இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பாதி நேரம் கை சும்மாவே இருந்தது. என்ன தொழில் என்று டாக்டர் கேட்டார். முப்பத்துநாலு வருஷம் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் பிடித்த கை என்றதும் வேறு எதுவும் கேட்கவில்லை. பேச்சுக் கேட்கும், பாட்டுக் கேட்கும், மெல்லிய உச்சக்குரல் மட்டும் போய்விட்டது, இது மெள்ள மெள்ளத்தான் போகும், போவதே தெரியாது, வயதானாலே பலருக்கு இப்படித்தான் என்று விளக்கி, ஒரு தாளைக் கையில் கொடுத்தார். இடது பக்கம் உயரத்தில் தொடங்கி வலது பக்கம் சரிந்து விழும் ஒரு கோடு. வெல்டர் வீட்டுக்கு வந்து அதைத் தன்னுடைய குருவி வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே சரிவு.

முதலில் வந்தது சிரிப்புதான். குருவி எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஒன்றுகூடப் போகவில்லை. எட்டு வருஷமாகத் தன் காது போனதைத்தான் கம்பம் கம்பமாக நின்று எண்ணியிருக்கிறார். மனைவியும் சேர்ந்து சிரித்தாள். பிறகு படகுக்காரர் முகம் நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு மனுஷனை இத்தனை வருஷம் புளுகன் என்று சொல்லியாயிற்று. வெட்கம் பிடுங்கித் தின்றது.

டீச்சர் வீட்டுக்கே போய் விஷயத்தைச் சொன்னார். டீச்சர் இரண்டு தாள்களையும் உற்றுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எண்ணியது வெல்டர் இல்லையே, அவர் மனைவி அல்லவா. ஆள் மாறினால் முறையே மாறிப் போயிற்றே. அன்றைக்கு ஞாயிறு நடையில் நானும்தான் கேட்டேன், எனக்கும் ஒன்றும் கேட்கவில்லையே என்றார். கேட்கவில்லை என்பதுதானே விஷயம், டீச்சர் என்று சொல்ல வெல்டருக்கு நாக்கு எழவில்லை. வேண்டுமானால் உடம்பு சரியில்லை என்று ஒரு அறிவிப்பு ஒட்டிவிடலாம், மனு பாட்டுக்கு மனு போகட்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை அவருக்கு, குருவிமேல் உயிர்.

மூன்று நாள் வெல்டர் பட்டறையில் ஒரு கம்பியையும் நேராக ஒட்டவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் தப்பும். அழைப்பிதழை வேண்டுமானால் சுவரிலிருந்து கிழித்துவிடலாம். படகு போய்விடும். ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் ஏழாம் கம்பத்துக்கு இன்னொரு தடவை போய் அந்தச் சத்தத்தை போனில் பிடித்து வர முடியுமா என்று கேட்டார். அவள் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தாள்.

சனிக்கிழமை அரங்கில் எழுபது பேர். முன் வரிசைகளில் வழக்கமான பென்ஷன்காரர்கள். பின்னால், அழைப்பிதழைப் பார்த்து வந்த புது ஆட்கள், மருந்துக்கடைக்காரர்கள், தொழிற்சாலைப் பெண்கள். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு படகுக்காரர். வாசல் மேஜைமேல் மனுவும் பேனாவும். அதற்குள் பத்தொன்பது கையெழுத்து விழுந்திருந்தது.

வெல்டர் முதலில் குருவிக் கோட்டைக் காட்டினார். முன் வரிசையில் உச்சுக்கொட்டினார்கள். அடுத்து அதன் பக்கத்தில் காதுக் கோட்டைக் காட்டினார். யாருக்கும் புரியவில்லை. வெல்டர் மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டாவது கோடு என் காது. குருவி எங்கேயும் போகலை. எனக்குத்தான் கேக்கலை. நான் எண்ணினது தப்பு. அந்தப் படகுக்கார அண்ணனைப் புளுகுறார்னு சொன்னதும் தப்பு. மன்னிச்சுக்கங்க அண்ணே.”

தன்னைவிட இளையவரை அண்ணே என்றது அவருக்கே பிறகுதான் உறைத்தது. அரங்கில் ஒரு முணுமுணுப்பு. டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெல்டர் ஸ்பீக்கரோடு இணைத்திருந்த போனைத் தொட்டார்.

“இப்ப அதோட பாட்டைப் போடுறேன். கேக்குறவங்க மட்டும் கை தூக்குங்க.”

அவருக்கு மின்விசிறி சுற்றும் சத்தம்தான் கேட்டது. முன் வரிசை சும்மா இருந்தது. டீச்சர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சாய்ந்து, இன்னும் போடவில்லையா என்று கேட்டார். அவரும் உதட்டைப் பிதுக்கினார். அதற்குள் பின்னால் ஒரு கை எழுந்தது. அப்புறம் நாலைந்து. தொழிற்சாலைப் பெண்கள் வரிசை முழுக்கத் தூக்கியது. படகுக்காரர் கட்டியிருந்த கையைப் பிரித்து, ஒரு கையை உயர்த்தினார். டீச்சர் திரும்பிப் பார்த்தார். பாதி அரங்கு கை தூக்கியிருப்பதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். பிறகு எழுந்து, விடுவிடுவென்று வாசல் மேஜைக்குப் போய், மனுவை எடுத்து நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, வந்து உட்கார்ந்தார்.

வெல்டர் மேடையிலிருந்தே மனைவியைத் தேடினார்.

“நின்னுடுச்சாம்மா?”

“இல்லைங்க. இன்னும் பாடுது.”

அவர் போனைத் தொடவில்லை. அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவை ஒவ்வொன்றாக இறங்கிய பிறகுதான் பாட்டு முடிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்தது.