காற்றை அடைத்த பனியன் துணி

திருப்பூருக்கு வந்து எட்டு வருடமாகியும் எனக்குப் பழகாத காட்சி ஒன்று உண்டு. இங்கே புத்தம்புதுப் பனியன் துணியில் கிரீஸ் துடைக்கிறார்கள். எங்கள் நாங்குநேரிப் பக்கம் ஒரு பனியன் அப்பா உடம்பில் தொடங்கி, தம்பிக்குப் போய், சல்லடையான பிறகுதான் சைக்கிள் துடைக்க வரும். இங்கே கட்டிங் டேபிளில் விழும் வெள்ளைத் துண்டுகள் மூட்டை மூட்டையாக ஒர்க்‌ஷாப்புகளுக்குப் போகின்றன. நானும் திருப்பூர்க்காரனாகிவிட்ட மிதப்பில், நான் ஓட்டும் கம்பெனி வேனின் ஏர் ஃபில்டர் வாயில் ஒரு துண்டைக் கட்டினேன். பஞ்சுத் தூசி உள்ளே போகக்கூடாதல்லவா? கட்டியதை மறந்தும் போனேன்.

அது பழைய பெட்ரோல் வேன். துணி ரோல்களைச் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோவேன். இரண்டு மாதத்தில் ஐடிலிங், அதாவது நிற்கும்போது என்ஜின் ஓடும் சீர், கெட்டது. சிக்னலில் நின்றால் குலுங்கும், கறுப்புப் புகை கக்கும், அணைந்துவிடும். ஒரே நாளில் பல்லடம் ரோட்டில் நான்கு முறை நின்றது. முதலாளி குரல் உயர்த்தவில்லை. “ஏனுங்க, ஓட்டத் தெரியலீன்னா சொல்லீருங்க. வேற ஆளப் போட்டுக்கறேன்” என்றார்.

இந்த மரியாதை எனக்குப் பயம். நான் திருப்பூருக்கு வந்த வருடம் கம்பெனியில் ஒரு மோட்டார் காணாமல் போனது. “எடுத்தது நீங்கதானுங்களே? உண்மையச் சொல்லீருங்க” என்று கேட்டபடியே சூப்பர்வைசர் என்னை பெல்ட்டால் விளாசினார். எங்கள் ஊரில் அடிப்பதற்கு முன் தெருவே கேட்கும்படி கத்துவார்கள். ஓடுவதற்கு நேரம் கிடைக்கும். மோட்டார் வேறொரு குடோனில் கிடைத்தது. அந்த அடியில் என் இடது காது இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை.

விகாஷ் ஒடிசாக்காரன். என் வண்டியில் லோடு ஏற்றி இறக்குபவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என்னிடமே தமிழ் கற்றதால் அவன் வாயில் வந்ததெல்லாம் நாங்குநேரித் தமிழ். அடுத்த திங்கள்கிழமை ஓவர்லாக் மெஷினில் டெய்லராக உட்கார இருந்தான். அதற்காக ஆறு மாதம் சாப்பாட்டு நேரத்தில் பழகியிருந்தான்.

முதலாளி அப்படிச் சொன்ன அன்றே ஐந்தாவது முறை வண்டி நின்றபோது அவன் சட்டையில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. நான் டீ குடிக்கப் போனால் வண்டியில் தனியாக இருப்பவன் அவன்தான். எனக்குக் கணக்கு நேராகிவிட்டது. பெட்ரோலை உறிஞ்சி விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுகிறான். வீல் ஸ்பேனரை எடுத்தேன்.

“பெட்ரோல எங்கல வித்த?”

“நான் தொடலண்ணே! மெசின் ஆயில் கறைக்கு மண்ணெண்ண போட்டேன், சட்டைக்குண்ணே!”

அதை நான் காதில் வாங்கவில்லை. தலையில் விழ வேண்டிய அடிக்கு வலது கையை உயர்த்தினான். எலும்பு உடைந்த சத்தம் என் நல்ல காதில் தெளிவாகக் கேட்டது. ரோட்டில் சுருண்டு விழுந்தவனை மேலும் இரண்டு மிதி மிதித்தேன்.

விகாஷை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு வந்த மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், கரி அப்பியிருந்தது. பெட்ரோலை முகர்ந்தார். பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றினார். வெள்ளைத் துண்டு பஞ்சு ஏறி, கம்பளி போலத் தடித்திருந்தது.

“பெட்ரோலு சுத்தமா இருக்குதுங்க. மூச்ச அடைச்சா வண்டி எப்புடீங்க ஓடும்? இதக் கட்டுன புண்ணியவான் யாருங்க?”

அதை உருவிவிட்டு, பிளக்கைத் துடைத்து மாட்டியதும் என்ஜின் ஒரே சீராக ஓடியது. நான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அதை அணைத்தேன்.

விகாஷின் விரல்கள் இனி முழுதாக மடங்காது என்றார் டாக்டர். மெஷினில் வேறொருவன் உட்கார்ந்தான். போலீஸ் வேண்டாம் என்று முதலாளியே பேசி முடித்தார். “வெளியூர்க்காரங்களுக்குள்ள அடிச்சுக்கறீங்க, கம்பெனி பேரு கெடுதுங்க” என்றார். எட்டு வருடத்துக்குப் பிறகும் அவருக்கு நானும் விகாஷும் ஒரே கணக்குதான். ஊருக்குப் போனாலோ, என் பேச்சில் ‘ங்க’ விழுவதைக் கேட்டுத் தம்பி விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

ஊருக்குக் கிளம்பிய விகாஷை ரயில்வே ஸ்டேஷனுக்கு அதே வேனில் கொண்டுபோனேன். எல்லா சிக்னலிலும் வண்டி நடுங்காமல் நின்றது. அவன் உடைந்த கையைத் தொங்கவிட்டிருந்ததும் பனியன் துணியில்தான். பிளாட்பாரத்தில் வாய் திறந்தபோது, “மன்னிச்சுருங்க” என்றுதான் எனக்கு வந்தது.

அவன் ஓரடி பின்னால் போனான். “ஏம்ணே எங்கிட்ட இப்படிப் பேசுதிய?” என்றான்.

ரயில் நகர்ந்ததும், “வாரேம்ணே” என்றான். எங்கள் கம்பெனியில் என் ஊர்த் தமிழ் பேச அவன் ஒருவன்தான் இருந்தான்.